‘இவள்’ எங்கே நிற்கிறாள்? பழந்தமிழ்ப் பாடலைப் படமெடுத்துப் படித்தல்

உயர்நிலை வகுப்பு மாணவர்கள் சங்கப் பாடல் ஒன்றையோ காப்பியத்தின் ஒரு காதையையோ சிறு குழுவாக அமர்ந்து படித்து, அதைக் காட்சிகளாகப் பகுத்து, கைப்பேசியில் இரண்டு மூன்று நிமிடப் படமாக எடுத்து, வகுப்பில் திரையிட்டு, ‘இந்தக் காட்சியை ஏன் இப்படி எடுத்தீர்கள்’ என்ற கேள்விக்குப் பாடலின் சொற்களையே சான்றாகக் காட்டி விடை சொல்வதைப் படமெடுத்துப் படித்தல் என்று இக்கட்டுரை குறிப்பிடுகிறது. இந்த வரையறையின் உயிர் அதன் கடைசிப் பகுதியில் இருக்கிறது. விடை சொல்லும் கட்டத்தை விட்டுவிட்டால் மிஞ்சுவது பொழுதுபோக்கு மட்டுமே. அதுவும் அவ்வளவு நல்ல பொழுதுபோக்காக இருப்பதில்லை.

பள்ளிகளில் ஏற்கெனவே நடக்கும் சில வேலைகளோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மனப்பாடச் செய்யுளை இராகத்தோடு ஒப்பிப்பதைப் பதிவு செய்வதும், ஆண்டு விழா நாடகத்தை மேடைக்கு எதிரே கைப்பேசியை நிறுத்தி எடுப்பதும் நல்ல நினைவுகளாகலாம்; அவற்றில் புதிதாக எதையும் படிக்க வேண்டிய தேவை எழுவதில்லை. குறளுக்குக் குறும்படம் எடுப்பது இவற்றினும் பரவலானது. அதில் மாணவர்கள் தாங்களே எழுதிய ஒரு நீதிக்கதை ஓடும்; கடைசியில் குறள் எழுத்தாக வந்து நிற்கும். அந்தக் குறளை எடுத்துவிட்டு அதே அதிகாரத்தின் வேறொரு குறளை வைத்தாலும் படம் கொஞ்சமும் மாறாது என்றால், அங்கே குறள் படிக்கப்படவில்லை என்றே நான் கருதுகிறேன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2022 முதல் சிறார் திரைப்படங்கள் திரையிடப்படுவதால், படத்தைப் பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பேசும் பழக்கம் மாணவர்களுக்கு ஓரளவு வந்திருக்கிறது. அந்தப் பேச்சைப் பாடலின் பக்கம் திருப்புவதே ஆசிரியரின் வேலை.

ஏன் படம்? ‘இது தோழி கூற்று’ என்று தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிவிடும் மாணவர், அந்தத் தோழி எங்கே நின்று, யாரைப் பார்த்து, எவ்வளவு உரக்கப் பேசினாள் என்று ஒருமுறைகூட எண்ணிப் பார்த்திருக்கத் தேவையில்லை. கேமராவைக் கையில் எடுத்தவுடன் அந்தச் சலுகை போய்விடுகிறது, ஏனென்றால் கேமராவை எங்காவது ஓர் இடத்தில் வைத்தே ஆக வேண்டும். சங்க அகப்பாடல்கள் இதற்கு மிகவும் ஒத்துவருபவை. அவற்றில் புலவர் தம் குரலில் கதை சொல்வதில்லை. ஒவ்வொரு பாடலும் ஒருவர் இன்னொருவரிடம் ஒரு குறிப்பிட்ட வேளையில் பேசும் பேச்சு. பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இயற்பெயர் கிடையாது; அகத்திணையில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. நிலமும் பொழுதும் முதற்பொருள், அங்குள்ள பறவையும் விலங்கும் தொழிலும் கருப்பொருள், மனிதர்களுக்கிடையே நடப்பது உரிப்பொருள் என்று அந்நூல் பகுத்துத் தருவதை அப்படியே மூன்று கட்டங்களாகத் தாளில் வரைந்தால், எங்கே எடுப்பது, சட்டகத்துக்குள் என்னென்ன இருக்க வேண்டும், என்ன நடக்கிறது என்று படப்பிடிப்புக்கு முன்னால் கேட்கப்படும் கேள்விகள் வந்துவிடுகின்றன.

வடசென்னைப் பள்ளிகள் தொடங்குவதற்கு ஏற்றது நற்றிணையின் 45-ஆம் பாடல் என்பது என் எண்ணம். நெய்தல் திணை, பாடியவர் பெயர் கிடைக்கவில்லை. பாடநூலில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 12 அடிகளுக்கு மேல் இல்லாத பாடலைக் கரும்பலகையில் எழுதிவிடலாம். காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் கடலோரக் குப்பங்களிலிருந்து பிள்ளைகள் வரும் வகுப்பில், கருவாடு காயப்போட்டுக் காக்கை ஓட்டுவது எப்படிப்பட்ட வேலை என்று உரை சொல்ல வேண்டியதில்லை. செல்வர் வீட்டு இளைஞன் ஒருவன் பரதவர் குடிப் பெண்ணை விரும்பி, அவளுடைய தோழியின் துணையைக் கேட்டு வந்து நிற்கிறான். தோழி சொல்கிறாள்: இவள் நீலக் கடல் கலங்க உள்ளே போய் மீன் பிடிப்பவர்களின் மகள், நீ கொடிகள் அசையும் கடைவீதிகளையுடைய பழைய ஊரில், விரைந்து செல்லும் தேரையுடைய செல்வனின் அன்பு மகன், கொழுத்த சுறாவை அறுத்துக் காயவைத்து, அதைத் தின்ன வரும் பறவைகளை ஓட்டிக்கொண்டிருக்கும் எங்களுக்கு அழகு எதற்கு, எங்கள் மேல் புலால் நாறும், தள்ளி நில், கடல் விளைச்சலில் நடக்கும் எங்கள் சிறிய நல்ல வாழ்க்கை உங்களுடையதைப் போன்றதன்று, ஆனாலும் எங்களவரிலும் செம்மல் உண்டு.

இப்பாடலின் துறைக்குறிப்பு, அதாவது யார் எந்தச் சூழலில் பேசுகிறார் என்று சொல்லும் குறிப்பு, குறை வேண்டி (உதவி கேட்டு) வந்த தலைவனைத் தோழி சேட்படுத்தியது என்பதாகும். சேண் என்றால் தூரம். சேட்படுத்துதல் தூரத்தில் நிறுத்துவது. படமெடுப்பவருக்கு இதைவிடத் தெளிவான கட்டளை வேண்டியதில்லை. மூவருக்கும் இடையே எத்தனை அடி தூரம் என்பதே இந்தப் படத்தின் முதற்கேள்வி.

மூவர் என்று எழுதினேன். தண்டையார்பேட்டைப் பக்கத்தில் நான் தமிழ் கற்பிக்கும் ஒன்பதாம் வகுப்பில் முதன்முதலாக வரைந்த காட்சித் தாளில் இருவர்தான் இருந்தார்கள். தோழியும் தலைவனும் எதிரெதிரே நிற்க, தலைவி மட்டும் திரைப்பட வழக்கப்படி அலைக்கு நடுவே தனியாக, தலைவனின் நினைவில் வருபவளாக இருந்தாள். அக்குழுவிலேயே அதிகம் பேசாத மாணவி ஒருத்தி, “அவள்னு சொல்லலியே ஐயா, இவள்னுதானே சொல்றா” என்றாள். பாடலின் முதற்சொல் ‘இவளே’. இகரம் அண்மைச் சுட்டு என்பது ஆறாம் வகுப்பு இலக்கணம். கை நீட்டினால் தொடும் தூரத்தில் தலைவி நின்றுகொண்டிருக்கிறாள், தன்னைப் பற்றிய பேச்சு முழுவதையும் அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது அந்த ஓர் எழுத்தால் தெரியவந்ததும், நினைவுக் காட்சி தாளிலிருந்து அடிக்கப்பட்டது. ‘செல நின்றீமோ’ என்பதிலுள்ள ‘மோ’ முன்னிலை அசை, அதாவது எதிரே நிற்பவரிடம் பேசும்போது வரும் அசை என்று சொன்னபோது, தோழியின் முகம் அந்த நேரத்தில் யாரை நோக்க வேண்டும் என்பதும் முடிவாயிற்று. பல ஆண்டுகளாக அசைச்சொல் நடத்தியிருக்கிறேன். அதற்கு இப்படி ஒரு பயன் உண்டென்று எனக்கே அன்றுதான் தெரிந்தது.

தலைவி உடன் நிற்கிறாள் என்றால் அவள் என்ன செய்துகொண்டிருக்கிறாள்? பாடல் சொல்லவில்லை. பாடல் சொல்லாத இடங்களில் மாணவர்கள் எதைக் கொண்டு நிரப்புகிறார்கள் என்பதை ஆசிரியர் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒரு குழு அவளைக் கால் விரலால் மணலில் கோடு போட வைத்தது. பாடலில் எந்தச் சொல்லிலிருந்து அது வந்தது என்று கேட்டபோது விடை வரவில்லை, ஏனென்றால் அது வந்தது தொலைக்காட்சியிலிருந்து. இன்னொரு குழு, அவள் முதுகைக் காட்டியபடி கருவாட்டின் மேல் இறங்கும் காக்கைகளைத் துணியால் விரட்டிக்கொண்டே இருக்கட்டும் என்றது. அந்தச் செயலுக்கு ‘இனப்புள் ஓப்பும்’ என்ற சான்று இருந்தது, முகம் தெரியாததால் அவள் மனம் என்ன என்பதைப் பாடல் மறைத்தது போலவே படமும் மறைத்தது. இரண்டாவது குழுவினர் அவ்வளவையும் எண்ணிச் செய்தார்களா என்றால், அவர்களில் யாரும் தலைவியாக முகம் காட்ட முன்வரவில்லை என்பதும் ஒரு காரணம்தான். காரணம் எதுவானாலும் காட்சி பாடலுக்குப் பொருந்தி நின்றது.

அடுத்த கண்டுபிடிப்பு பேச்சு மொழியிலிருந்து வந்தது. மூலப் பாடல் முழுவதும் ஒருமுறை குரலாக ஒலிக்க வேண்டும் என்பது நான் வைக்கும் நிபந்தனை. அதற்கு முன்னதாக மாணவர்கள் தங்கள் வீட்டுத் தமிழில் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும். ‘புலவு நாறுதும்’ என்பது ‘நம்ம மேல கவுச்சி அடிக்கும்’ என்று ஒரு நொடியில் வந்துவிட்டது. தலைவனை ‘நீ’ என்பதா ‘நீங்க’ என்பதா என்பதில் மட்டும் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. பணக்கார வீட்டுப் பையன் என்பதால் ‘நீங்க’ என்றனர் சிலர். துரத்துகிற கோபத்தில் யார் மரியாதை பார்ப்பார்கள் என்றனர் மற்றவர். மூலத்துக்குத் திரும்பிப் பார்த்தால் இரண்டும் இருக்கின்றன. தொடக்கத்தில் ‘நீயே’ என்றவள், முடியும்போது ‘நும்மொடு’ என்கிறாள். தன் பக்கத்தையும் அப்படித்தான் சொல்கிறாள்: ‘இவளே’ என்று ஒருத்தியில் தொடங்கி ‘எமக்கு’, ‘எம்’, ‘எம்மனோர்’ என்று விரிகிறாள். இரண்டு பேரின் காதலாகத் தொடங்கிய பேச்சு, இரண்டு கூட்டத்தாரின் வாழ்க்கைக்கு இடையேயுள்ள தூரமாக முடிகிறது என்பது ஒருமை பன்மையை எண்ணிப் பார்த்தவுடன் வெளிப்படுகிறது. அதற்குப் பிறகு ஷாட் பிரிப்பது எளிது: முதலில் முகங்கள் நெருக்கமாக, பிறகு கேமரா பின்வாங்கப் பின்வாங்க வலை, படகு, காயும் மீன், குப்பத்து மனிதர்கள் என்று எல்லாம் சட்டகத்துக்குள் வர, தலைவன் அந்த ஓரத்தில் சிறிதாகிப் போகிறான்.

பொழுதும் இப்படித்தான் சிக்கலாயிற்று. நெய்தலுக்குரிய சிறுபொழுது எற்பாடு, கதிரவன் சாயும் வேளை என்று வகுப்பில் சொல்லியிருந்ததால், கடலுக்குள் சூரியன் இறங்கும் காட்சியை எல்லாரும் எழுதியிருந்தார்கள். நம் கடல் கிழக்கே இருக்கிறது; காசிமேட்டில் சூரியன் கடலிலிருந்து எழும்பும், ஊருக்குப் பின்னால் மறையும். கடலை முதுகுக்குப் பின்னால் வைத்து நிற்பவர் முகத்தில் மாலை வெயில் நேராக விழுகிறது. அவருக்குப் பின்னால் கடல் நீலமாகத் தெரிகிறது. ‘நீல்நிறப் பெருங்கடல்’ என்று பாடல் சொல்வதும் அதுவே. சிவந்த வானமும் கறுத்த உருவங்களுமாக எடுத்தால் அழகாக இருக்கலாம், ஆனால் மீன் காயும் வேளையில் வானம் அப்படி இருப்பதில்லை. நான்கு மணி வெயிலில் எடுப்பதென்று முடிவாயிற்று.

சொல்லணிகளுக்கும் இது பொருந்தும் என்பதற்குச் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுப் போதும். கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனைக் கண்ணகி பாண்டியனுக்கு நினைவூட்டும்போது, ‘வாயிற் கடைமணி நடுநா நடுங்க, ஆவின் கடைமணி உகுநீர் நெஞ்சு சுட’ என்கிறாள். முதற்கடைமணி அரண்மனை வாயிலில் தொங்குவது. இரண்டாவது பசுவின் கண்மணி. ஒரே சொல் இரண்டு பொருளில் வருகிறது என்று உரையில் படித்தால் அது ஒரு குறிப்பு. எடிட்டிங்கில் மணியின் நா அசையும் குளோசப்பை அடுத்துப் பசுவின் கண்ணோரம் நீர் திரளும் குளோசப்பை வெட்டி ஒட்டும் மாணவருக்கு, அந்தச் சொல் இரண்டு படங்களையும் பிணைக்கும் கண்ணியாகவே கைக்குக் கிடைக்கிறது. எங்கள் பள்ளி மணி தொங்கவிட்ட தண்டவாளத் துண்டு. இரும்புக் கம்பியால் அடிப்பார்கள். அதற்கு நா கிடையாது. ‘நடுநா’ என்ற சொல்லுக்காகவே நாவுள்ள மணியைத் தேடிப் பிள்ளைகள் ஒரு கோயிலுக்குப் போக வேண்டியிருந்தது. பசுவுக்கு வண்ணாரப்பேட்டைத் தெருக்களில் பஞ்சமில்லை.

படத்தால் முடியாத ஒன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். ‘புலவு நாறுதும்’ என்ற இரண்டு சொற்களைப் படமெடுக்க வழியில்லை. நாற்றத்தைக் கேமரா பதிவு செய்யாது. தலைவன் மூக்கைப் பொத்திக்கொள்ளட்டும் என்பது எல்லாக் குழுக்களுக்கும் முதலில் தோன்றுகிற யோசனை. அப்படி எடுத்தால் அவன் அருவருப்பவனாகிவிடுகிறான். பாடலில் அவன் ஒன்றும் செய்யவில்லை, தங்கள் மேல் புலால் நாறும் என்று முந்திக்கொண்டு சொல்பவள் தோழிதான். அதைத் தாழ்வாகச் சொல்கிறாளா, மிடுக்காகச் சொல்கிறாளா என்பது பாடலின் மையமான கேள்வி. மீன் கூடையோடு ஷேர் ஆட்டோவில் ஏறும்போது மற்றவர்கள் நகர்ந்து உட்காருவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு ஆசிரியர் சற்று நேரம் பேசாமல் இருப்பது நல்லது. எங்கள் வகுப்பில் கடைசியில் அந்த அடிக்குத் திரையை இருட்டாக்கி, குரலை மட்டும் விட்டார்கள்.

இனி நடைமுறை. ஐந்து அல்லது ஆறு பேர் கொண்ட குழு, ஆறேழு பாடவேளைகள், இரண்டு நிமிடப் படம் என்பது தாங்கக்கூடிய அளவு. அவற்றில் பாதிக்கு மேல் படிப்பதற்கும் காட்சித் தாள் வரைவதற்கும் போக வேண்டும். எடுப்பது ஒரு மாலை வேலை. மாணவர்கள் கைப்பேசி கொண்டுவரத் தடையுள்ள பள்ளியில் ஆசிரியரின் கைப்பேசி ஒன்றே எல்லாக் குழுவுக்கும் போதும். யாரிடம் விலையுயர்ந்த கைப்பேசி இருக்கிறது என்ற பேச்சும் அதனால் அடங்கிவிடும். கைப்பேசியைக் கிடையாகப் பிடிக்க வேண்டும். கடற்கரைச் சாலையில் கண்டெய்னர் லாரிகளும் துறைமுகத்தில் ஏலக் குரல்களும் ஓயாதவை என்பதால், பேச்சைப் பின்னர் வகுப்பறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கைப்பேசியை வைத்துத் தனியாகப் பதிவு செய்து இணைப்பது நல்லது. அலையோசையை அரை நிமிடம் தனியே எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அது தேர்வும் விடுமுறையுமான காலமும்கூட. பள்ளி திறந்து, வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் எடுத்து முடிப்பதே வசதி.

சங்கப் பாடலுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கழிந்தால் நூல் பொதுவுடைமை ஆகிவிடுவதால், 1942-இல் மறைந்த உ.வே. சாமிநாதையர் போன்றோரின் பதிப்புகளையும் உரைகளையும் தயங்காமல் பயன்படுத்தலாம். திரைப்பாட்டைப் பின்னணியில் வைப்பது அப்படியன்று. பிள்ளைகள் தாங்களே தட்டும் தாளம் போதும். (வடசென்னை என்றால் கானா வைத்தே ஆக வேண்டும் என்பது வெளியூரார் எதிர்பார்ப்பு; பாடல் கேட்டால் வைக்கலாம், இல்லாவிட்டால் வேண்டாம்.) முகம் தெரியும் படங்களுக்குப் பெற்றோரின் எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தையாகவே கொள்கிறது. படத்தை வகுப்புக்கு வெளியே விடாமல் இருப்பதே பாதுகாப்பு, குறிப்பாகக் காதல் பாடல்களில். மகள் தலைவியாக நடிப்பதைப் பெற்றோர் விரும்பாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். கை, நிழல், முதுகு, வரைந்த படம் எதை வைத்தும் கதையைச் சொல்லலாம்.

மதிப்பெண் போடும் இடத்தில்தான் பெரும்பாலும் தவறு நேர்கிறது. பளபளப்பாக எடிட்டிங் செய்த படம் கண்ணைக் கவர்ந்துவிடும். அதைத் தவிர்க்க, ஒவ்வொரு குழுவும் படத்தோடு ஒரு காரணத் தாள் தர வேண்டும்: ஒவ்வொரு ஷாட்டுக்கும் நேரே, அது பாடலின் எந்தச் சொல்லிலிருந்து பிறந்தது என்று ஒரு வரி. வளரறி மதிப்பீட்டில் (பாடம் நடக்கும்போதே செய்யும் மதிப்பீட்டில்) சேர்ப்பதானால் மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் இந்தத் தாளுக்கே தரலாம். ஆடிப்போன படம், நல்ல தாள் என்றால் எனக்கு அது நல்ல வேலை. பொதுத்தேர்வு வகுப்புகளில் இதற்கு நேரம் இல்லை என்ற எதிர்ப்பு நியாயமானது. பத்தாம் வகுப்பில் நானும் காட்சித் தாளோடு நிறுத்திக்கொள்கிறேன், கேமராவை எடுப்பதில்லை. பலன் பெரும்பகுதி அந்தத் தாளிலேயே கிடைத்துவிடுகிறது.

உள்ளூர்த் தொடர்பு இருக்கிறதென்பதற்காக மட்டும் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் தேவை. திருவொற்றியூர்க் கோயிலின் மகிழமரத்தடியில் சுந்தரர் சங்கிலியாருக்குச் சத்தியம் செய்து கொடுத்ததைப் பெரியபுராணம் சொல்கிறது. இடம் பேருந்துத் தொலைவில்தான். ஆனால் கோயிலுக்குள் படமெடுக்க அனுமதி வாங்குவதும், இறைவனே மரத்தடிக்கு வந்து தங்கும் அந்தக் கதையைப் பதினான்கு வயதுப் பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் சொல்வதும் எளிதன்று. இரண்டாம் ஆண்டுக்கு அதை வைத்துக்கொள்ளலாம்.

திரையிடும் நாளில் எல்லாக் குழுக்களும் ஒரே பாடலை எடுத்திருப்பது நல்லது. எங்கள் வகுப்பில் ‘எம்மனோரில் செம்மலும் உடைத்தே’ என்ற கடைசி அடிக்கு ஒரு குழு, படகை மணலில் இழுத்து வரும் இளைஞன் ஒருவனைக் காட்டியது. இன்னொரு குழு யாரையும் காட்டாமல், கடல் பின்னால் தெரியத் தோழியின் முகத்திலேயே நின்றது. செம்மல் என்றால் சிறந்த ஆள், ஆகவே ஆளைக் காட்ட வேண்டும் என்றார்கள் முதற்குழுவினர். தலைமை, பெருமிதம் என்றும் பொருள் உண்டு, அது இவள் முகத்திலேயே இருக்கிறது என்றார்கள் மற்றவர்கள். மணி அடித்துவிட்டதால், அடுத்த நாள் நூலகத்திலிருந்து அகராதியை எடுத்து வருவதென்று முடிவு செய்து வகுப்பு கலைந்தது.